மாலிப்டினம்–டங்ஸ்டன் பிரிண்ட்: அணுவெப்ப ராக்கெட் மாதிரித் துண்டில் விரிசல் நிற்கவில்லை

அறுகோணம் (கேள்வி)

வணக்கம். அணுவெப்ப உந்துவிசைக்கான (அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கித் தள்ளும் ராக்கெட்) எரிபொருள் கூறு ஒன்றின் மாதிரித் துண்டை லேசர் பவுடர் பெட் முறையில் (பொடியை லேயர் லேயராகப் பரப்பி லேசரால் உருக்கி) அச்சிட வேண்டும். யுரேனியம் கிடையாது, வெறும் உலோகக் கூடு மட்டும்தான். பிறகு சூடான ஹைட்ரஜனில் சோதிக்கப் போகிறோம்.

வடிவம் பழைய அமெரிக்க அணு ராக்கெட் திட்டமான நெர்வாவின் கூறு அளவை ஒட்டியது: எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 19 மி.மீ. உள்ள அறுகோணம், நடுவில் 19 துளைகள், ஒவ்வொன்றும் 2 மி.மீ. விட்டம். நெர்வாவின் கூறு 1.32 மீட்டர் நீளம். இது வெறும் 50 மி.மீ. உயரம். உலோகம் மாலிப்டினம் 70, டங்ஸ்டன் 30, எடைக் கணக்கில்.

இப்போதைய அமைப்பு: 400 வாட் ஃபைபர் லேசர், 80 மைக்ரான் புள்ளி, அடிப் பிளேட் சூடு 200 டிகிரி செல்சியஸ், பிளேட் 316எல் ஸ்டெயின்லெஸ். இரண்டு பவுடரையும் தனித்தனியாக வாங்கிக் கலந்தது, 15–45 மைக்ரான். சப்ளையர் சான்றிதழில் ஆக்சிஜன் 480 பிபிஎம் (பத்து லட்சத்தில் 480 பங்கு). ஓட்டிய அளவுகள்: 300 வாட், விநாடிக்கு 800 மி.மீ., கோட்டு இடைவெளி 0.10 மி.மீ., லேயர் 0.04 மி.மீ.

பிரச்சினை மூன்று. மேற்பரப்பு முழுக்க வலைபோல் வெடிப்பு. அடியில் முதல் 2–3 மி.மீ. பிளேட்டை விட்டுப் பெயர்ந்து வருகிறது. தண்ணீரில் எடை பார்த்தால் அடர்த்தி 10.9 வருகிறது, எதை 100 சதவீதமாக வைத்துக்கொள்வது என்றும் குழப்பம். பிளேட் சூட்டை 400-க்கு ஏற்றினால் போதுமா? வேறு மெஷின் உடனே கிடைக்காது.

உருகுகுளம்

முதலில் அடர்த்தி. மாலிப்டினம் 10.28, டங்ஸ்டன் 19.25. உங்கள் விகிதத்துக்குக் கணக்குப் போட்டால் 11.95 கிராம்/கன செ.மீ. வரும். 10.9 என்றால் 91 சதவீதம். அதுகூட அதிகப்படியான மதிப்பீடுதான். மேற்பரப்பு வெடிப்புகளுக்குள் தண்ணீர் நுழைந்துவிடுவதால் அந்த இடைவெளி கணக்கிலேயே வராது. ஒரு துண்டை அறுத்து, பாலிஷ் செய்து, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சாதாரண சிடி ஸ்கேனை நம்ப வேண்டாம், இந்த உலோகத்தில் எக்ஸ்ரே சில மி.மீ.க்கு மேல் ஊடுருவச் சிரமப்படும்.

உங்கள் ஆற்றல் அடர்த்தி: 300 ÷ (800 × 0.10 × 0.04) = 94 ஜூல்/கன மி.மீ. மாலிப்டினத்துக்கு இது மிகக் குறைவு. ஸ்டீலுக்கு ஓட்டும் அளவு இது. மாலிப்டினத்தின் வெப்பக் கடத்துதிறன் அறை வெப்பத்தில் 138 வாட்/மீட்டர்-கெல்வின். நீங்கள் கொட்டும் சூட்டைப் பக்கத்து உலோகம் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடும். 350 வாட், 400 மி.மீ./விநாடி, 0.08 இடைவெளி, 0.03 லேயர் என்று வைத்தால் 365 வரும். அங்கிருந்து தொடங்கி, வேகத்தை மட்டும் 300 முதல் 600 வரை 50, 50-ஆக மாற்றி 8 மி.மீ. கனசதுரங்கள் அச்சிடுங்கள். அறுகோணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கலந்த பவுடரும் ஒரு வில்லங்கம். டங்ஸ்டன் உருகுவது 3422 டிகிரி, மாலிப்டினம் 2623. குறைந்த ஆற்றலில் மாலிப்டினம் உருகி ஓடும்போது டங்ஸ்டன் உருண்டைகள் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பின்சிதறல் படம் எடுத்தால் சாம்பல் நிறத் தரையில் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். பாய்வும் ஒரே சீராக இருக்காது: அடர்த்தி இரு மடங்கு வித்தியாசம் உள்ள இரண்டு பொடிகள் டப்பாவில் குலுங்கும்போதே பிரியத் தொடங்கும். முன்கூட்டியே கலப்பாக்கி, பிளாஸ்மாவில் உருண்டையாக்கிய பவுடர்தான் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் அந்தச் செயலிலேயே ஆக்சிஜனும் பெருமளவு வெளியேறும். 100 பிபிஎம்-க்குக் கீழே கேட்டு வாங்குங்கள்.

இனி வெடிப்பு. ஒரு துண்டை உடைத்து உடைப்பு முகத்தைப் பாருங்கள். கற்கண்டை உடைத்தது போல, ஒவ்வொரு படிகமணியும் தன் வழவழப்பான முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். உடைப்பு மணிகளுக்கு உள்ளே போகவில்லை, மணிகளுக்கு இடையிலேயே போயிருக்கிறது என்று அர்த்தம். மாலிப்டினத்திலும் டங்ஸ்டனிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. உருகியது உறையும்போது அது முழுவதும் மணி எல்லைகளுக்குத் தள்ளப்பட்டு அங்கே ஆக்சைடு படலமாகத் தங்குகிறது. லேசர் பிரிண்டில் மணிகள் லேயருக்கு மேல் லேயராகத் தூண்போல நீண்டு வளரும். மணி பெரிதாகப் பெரிதாக எல்லைப் பரப்பு குறைகிறது, அதே ஆக்சிஜன் குறைந்த பரப்பில் அடர்ந்து நிற்கிறது. அதனால்தான் வார்த்துருட்டிய தகட்டில் தொந்தரவு தராத பிபிஎம் அளவு பிரிண்டில் கொல்கிறது.

இதோடு, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இந்த உலோகங்கள் வளையாமல் நொறுங்கும். டங்ஸ்டனில் வெடிப்பு, உருகுகுளம் உறைந்து அந்த எல்லைக்குக் கீழே குளிரும்போதுதான் திறக்கிறது என்பதை அதிவேகக் கேமராவிலேயே பார்த்திருக்கிறார்கள். எனவே 200 டிகிரி பிளேட் சூடு உதவாது. 400-ம் போதாது, குறைக்குமே தவிர நிறுத்தாது. 800-க்கு மேல் போனால்தான் மாலிப்டினத்தில் பெரிய மாற்றம் தெரியும்.

மெஷின் மாற்ற முடியாது என்கிறீர்கள். அப்படியானால் ஆக்சிஜன் பக்கம்தான் உங்கள் கைக்கு எட்டுவது. பவுடரை வெற்றிடத்தில் 120–150 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். பல மெஷின்கள் அறையில் ஆக்சிஜன் 1000 பிபிஎம் இருந்தாலே ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் 50-க்குக் கீழே இறங்கும்வரை லேசரைத் தொடாதீர்கள். சல்லடை போடுவதும் ஆர்கானுக்குள்ளேயே நடக்கட்டும். ஓட்டம் முடிந்ததும் லேசர் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். மாலிப்டினம் ட்ரையாக்சைடு 795 டிகிரியிலேயே உருகி ஆவியாகும் பொருள்; அது கண்ணாடியில் மங்கலான படலமாகப் படியும், உயரம் கூடக் கூட பவர் இறங்கும். மேல் பாதி மட்டும் ஓட்டையாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் புகைத்தூளை வெறும் கையால் துடைக்காதீர்கள், முகமூடி கட்டாயம்.

பிளேட்: 316எல் கூடவே கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸின் வெப்ப விரிவு மாலிப்டினத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். அதோடு இரும்பும் மாலிப்டினமும் உருகிக் கலக்கும் இடத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் இடைச்சேர்மங்கள் உண்டாகும். அடியில் 2–3 மி.மீ. பெயர்வது அதனால்தான். மாலிப்டினம் அல்லது டிஇசட்எம் (சிறிது டைட்டேனியம், சிர்கோனியம் சேர்ந்த மாலிப்டினக் கலவை) தகடு போடுங்கள்.

அறுகோணம்

மிக்க நன்றி. 94 என்ற எண்ணைப் பார்த்தபோதே பாதி புரிந்துவிட்டது. டிஇசட்எம் தகடும் உருண்டைப் பவுடரும் ஏற்பாடு செய்யலாம்.

ஒரு கேள்வி. மாலிப்டினத்தில் 0.45 சதவீதம் கார்பன் சேர்த்தால் வெடிப்பே இல்லாமல் முழு அடர்த்தியில் அச்சிட முடிகிறது என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜனைக் கார்பன் பிடித்துக்கொள்கிறது, மணி எல்லையில் கார்பைடு வந்து பலப்படுத்துகிறது. போரான் கொஞ்சம் சேர்த்து மணியைச் சிறிதாக்குவது பற்றியும் படித்தேன். ரீனியம் சேர்த்தால் டங்ஸ்டன் வளைந்துகொடுக்கும் என்பது பழைய செய்தி. இதில் எதை எடுக்கலாம்? அல்லது நியோபியம் கலவையான சி-103 ஏற்கெனவே நன்றாக அச்சாகிறதே, அதற்கே போய்விடலாமா?

பார்ன்_கணக்கு

நீங்கள் கேட்ட நான்குமே பிரிண்டருக்கு நல்லவை. அணு உலைக்கு நல்லவையா என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்க வேண்டும்.

கார்பன். மாலிப்டினமும் அதன் கார்பைடும் சேர்ந்து சுமார் 2200 டிகிரி செல்சியஸில் உருகும். உந்துவிசைக்கு ஹைட்ரஜன் 2700 கெல்வினில் வெளியேற வேண்டும் என்றுதான் இந்தத் திட்டங்கள் பேசுகின்றன, அப்போதுதான் 900 விநாடி தன்னுந்தம் (ராக்கெட்டின் எரிபொருள் சிக்கன அளவு) கிடைக்கும். 2700 கெல்வின் என்பது 2427 டிகிரி. கூட்டின் சுவர் ஹைட்ரஜனைவிடச் சூடாக இருக்கும். அதாவது பிரிண்டில் வெடிப்பைத் தடுத்த அதே மணி எல்லைக் கார்பைடு, இயந்திரம் ஓடும்போது முதலில் உருகும் இடமாகிவிடும். டங்ஸ்டன் சேர்ப்பதால் இந்த எல்லை ஓரளவு மேலே போகும். ஆனால் 30 சதவீதத்தை நம்பி 0.45 கார்பனை உள்ளே விட நான் ஒப்ப மாட்டேன். கூடவே, சூடான ஹைட்ரஜன் மேற்பரப்புக் கார்பனை ஹைட்ரோகார்பனாக்கி எடுத்துக்கொண்டு போகும். நெர்வா காலத்தில் கிராஃபைட் கூறுகள் பட்ட பாடு அதுதான்: கார்பைடுப் பூச்சு விரிவு வித்தியாசத்தால் விரிசல் விட, அந்த விரிசல் வழியே ஹைட்ரஜன் உள்ளே போய் கிராஃபைட்டை அரித்தது. சிர்கோனியம் கார்பைடு துகள் சேர்ப்பதிலும் மாலிப்டினத்தோடு இதே மாதிரியான உருகு எல்லை இருக்கிறது. சுத்த டங்ஸ்டனோடு அது சுமார் 2800 டிகிரி என்பதால் அங்கே பேசலாம்.

போரான் வேண்டவே வேண்டாம். இயற்கைப் போரானின் வெப்ப நியூட்ரான் உறிஞ்சல் 767 பார்ன் (ஓர் அணு நியூட்ரானை எவ்வளவு எளிதில் விழுங்கும் என்பதன் அளவு; கூடினால் உலைக்கு இழப்பு). உங்கள் கலவையில் எடையில் 30 சதவீத டங்ஸ்டன் என்றால் அணுக் கணக்கில் 18.3 சதவீதம். டங்ஸ்டனுக்கு 18.3 பார்ன், மாலிப்டினத்துக்கு 2.5, சராசரி ஓர் அணுவுக்கு சுமார் 5.4 வரும். எடையில் வெறும் 50 பிபிஎம் போரான் சேர்ந்தாலே அதன்மேல் இன்னொரு 0.4 ஏறுகிறது. அந்த 5.4-லேயே பாதிக்கு மேல் டங்ஸ்டன் தருவது என்பதையும் கவனியுங்கள். இயற்கை டங்ஸ்டனை விட்டுவிட்டு, 1.7 பார்ன் மட்டுமே உள்ள டங்ஸ்டன்-184 ஐசோடோப்பைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அதனால்தான் வந்தது. இயற்கையில் அது 30 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது, பிரிப்பது பெருஞ்செலவு. மாலிப்டினம் அதிகமான கலவை அதற்கு மாற்று.

ரீனியம் 90 பார்ன். அந்தக் காலத்து வேக நிறமாலை (நியூட்ரான் வேகத்தைக் குறைக்காத) வடிவமைப்புகளில், அதிகம் செறிவூட்டிய யுரேனியத்தோடு, அது தாங்கும். 20 சதவீதத்துக்குக் கீழான செறிவும், நியூட்ரான் வேகத்தைக் குறைக்கும் மட்டுப்படுத்தியும் உள்ள இன்றைய உலையில் தாங்காது. ஏவுதல் விபத்தில் உலை கடலில் விழுந்தால் எதிர்வினை தொடங்காமல் இருக்க ரீனியம் உதவும் என்பது வேறு கதை. அதை வேண்டுமென்றே அளந்து வைப்பார்கள், கூடு முழுக்கக் கலக்க மாட்டார்கள்.

சி-103 அருமையாக அச்சாகும் உலோகம். ஆனால் அதில் 10 சதவீதம் ஹாஃப்னியம், 104 பார்ன். அது கட்டுப்பாட்டுக் கோலுக்குப் போகும் தனிமம். நியூட்ரானை ஒதுக்கிவைத்தாலும் நியோபியம் ஹைட்ரஜனை உறிஞ்சி, குளிரும்போது ஹைட்ரைடாக்கி நொறுங்கும். மாலிப்டினமும் டங்ஸ்டனும் நிலையான ஹைட்ரைடு உண்டாக்குவதில்லை. இவ்வளவு தொல்லை தரும் இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உருகுநிலைக்கு அடுத்த காரணம் இதுதான்.

மிச்சம் இருப்பது சிர்கோனியம். 0.185 பார்ன்தான். மணி எல்லையில் படியும் ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்து மணிக்குள் ஆக்சைடு துகளாகக் கட்டிப்போடும். 0.1 சதவீத அளவில், கார்பன் இல்லாமல் முயலுங்கள். டைட்டேனியமும் அதே வேலையைச் செய்யும், உறிஞ்சல் 6 பார்ன், சிறு அளவில் பாதகமில்லை. எந்தச் சேர்க்கையாக இருந்தாலும் சமநிலை வரைபடத்தில் அதன் முதல் உருகு வெப்பநிலை 2600 டிகிரிக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பவுடர் வாங்குங்கள்.

இன்னொன்று, எல்லாரும் மறப்பது. எரிபொருள் கூறின் ஒரு முனை 2700 கெல்வினில் இருக்கும்போது, ஹைட்ரஜன் நுழையும் மறு முனை அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அந்த முனை ஆயுள் முழுக்க நொறுங்கும் வெப்பநிலைக்குக் கீழேதான். தொடக்கத்தில் நொடிக்குப் பத்துக் கணக்கான கெல்வின் வீதம் சூடு ஏறும், நிறுத்தும்போது அதே வேகத்தில் இறங்கும். எனவே "ஓடும்போது சூடாகத்தானே இருக்கும், நொறுங்காது" என்ற வாதம் பாதிக் கூறுக்குத்தான் பொருந்தும். வளைவுச் சோதனையை 25 டிகிரியிலும் செய்தே ஆக வேண்டும்.

வயர்கட்

மேல சொன்ன ரெண்டு பேரோடயும் உடன்படுறேன். 19 துளை இருக்கறதால துளை பத்தியும் பின்வேலை பத்தியும் சொல்றேன்.

துளைகளை நேரா மேல்நோக்கியே அச்சிடுங்க, சாய்க்காதீங்க. 2.0 மி.மீ. வரைஞ்சா கையில 1.8-லருந்து 1.9-க்குள்ளதான் வரும், ஓரத்துல பாதி உருகின உருண்டை ஒட்டிக்கிட்டிருக்கும். பின் கேஜ் (அளவுக் குச்சி) போட்டு ஒவ்வொரு துளையையும் அளந்து எழுதி வைங்க, அப்புறம் வரைபடத்துல திருத்துங்க.

சூடான பெட் மேல ஆசைப்படறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். 800–1000 டிகிரில ஓட்டினா உருகாத பவுடரும் லேசா ஒட்டிக் கட்டி ஆயிடும். லேசருக்குப் பதிலா எலக்ட்ரான் பீம்ல அச்சிட்டா இது இன்னும் அதிகம், அங்க பெட்டையே வேணும்னே சுட்டு ஒட்டவைக்கிறாங்க. டங்ஸ்டனுக்கு வெடிப்பில்லாம வர்ற வழி இப்ப எலக்ட்ரான் பீம்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா 2 மி.மீ. துளை, 50 மி.மீ. ஆழம், உள்ள சுண்ணாம்புக் கட்டி மாதிரி பவுடர். அதே பவுடரை வச்சு ஊதித் தட்டி எடுக்கற முறை ரெண்டு மூணு விட்டம் ஆழத்துக்கு மேல போகாது. கம்பி விட்டுக் குத்தினா சுவர் உடையும், ஏன்னா உலோகம் அப்ப குளிர்ந்து நொறுங்கற நிலையில இருக்கு. அதனால நீளமான கூறை ஒரே துண்டா அச்சிடற எண்ணம் வேண்டாம். 10–15 மி.மீ. வில்லைகளா அச்சிட்டு, பவுடரை எடுத்துட்டு, அடுக்கி, ஹிப்ல (சூட்டோட எல்லாப் பக்கமும் வாயு அழுத்தம் கொடுக்கற முறை) இணைக்கறது பாதுகாப்பு. சுத்த டங்ஸ்டன் கூறுகள்ல துளைக்கு மாலிப்டினம் கம்பி வச்சு அழுத்தி, அப்புறம் அமிலத்துல கம்பியை மட்டும் கரைச்சு எடுக்கற வழி உண்டு. உங்க கலவையில அது நடக்காது, அமிலம் கம்பியோட கூட்டையும் தின்னுடும்.

ஹிப் பத்தி ஒரு தப்பான நம்பிக்கை சுத்திக்கிட்டிருக்கு. மேற்பரப்போட தொடர்புள்ள வெடிப்பு ஹிப்ல மூடாது. ஆர்கான் அந்த வெடிப்புக்குள்ளயே போயி ரெண்டு பக்கமும் சமமா அழுத்தும். உங்க வலை வெடிப்பு அத்தனையும் இந்த வகை. மூடணும்னா நியோபியம் இல்ல டான்டலம் டப்பாவுல வச்சு வெற்றிடத்துல எலக்ட்ரான் பீமால அடைச்சுத்தான் போடணும். 1500–1700 டிகிரி, 150–200 மெகாபாஸ்கல் அளவுல போகலாம். ஃபர்னஸ் கிராஃபைட்டா இருந்தா டப்பா இல்லாத துண்டுகளை டான்டலம் தகடு சுத்தி வைங்க. இல்லேன்னா கார்பன் ஏறி, மேல ஒருத்தர் சொன்ன அதே 2200 டிகிரி பிரச்சினையை நாமளே கொண்டுவந்து வச்ச மாதிரி ஆகும்.

பிளேட்லருந்து எடுக்கறதுக்கு முன்னாடி, டிஇசட்எம் தகடோடயே வெற்றிட ஃபர்னஸ்ல 900–1000 டிகிரில ரெண்டு மணி நேரம் அழுத்தம் நீக்குங்க. மெதுவா ஆறவிடுங்க. வயர் இடிஎம்ல (கம்பியில மின்பொறி விட்டு வெட்டற மெஷின்) பித்தளைக் கம்பி போட்டா வெட்டின முகத்துல செம்பும் துத்தநாகமும் ஒட்டும். சூடான ஹைட்ரஜன்ல துத்தநாகம் ஆவியாகி சோதனைக் கருவி முழுக்கப் படியும், எடைக் கணக்கும் கெட்டுப்போகும். மாலிப்டினம் கம்பி கடையில கிடைக்குது, அதைப் போடுங்க. வெட்டின முகத்துல மறுபடி உறைஞ்ச ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும், அதுல நுண்வெடிப்பு நிறைய. மெத்தனால்ல எட்டுல ஒரு பங்கு கந்தக அமிலம் கலந்த கரைசல்ல எலக்ட்ரோபாலிஷ் செஞ்சு 30–50 மைக்ரான் எடுத்துடுங்க. குளிர்ந்த மெத்தனால்ல அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விடணும், அமிலத்துல மெத்தனாலை ஊத்தக் கூடாது. துளை உள்பக்கத்துக்கு நடுவுல ஒரு கம்பி எலக்ட்ரோடு விட்டு, பம்பால கரைசலை ஓட்டினா அங்கயும் வழவழப்பு வரும்.

பிடிக்கும்போது வைஸ்ல இறுக்காதீங்க. தாமிரத் தகடு வச்சு, கை பலத்துக்கு மட்டும்.

அறுகோணம்

எல்லாருக்கும் நன்றி. இப்போது திட்டம்: டிஇசட்எம் தகடு, முன்கலப்பு உருண்டைப் பவுடர், 0.1 சிர்கோனியம் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வகை, 8 மி.மீ. கனசதுரங்கள், பிறகு 12 மி.மீ. வில்லை. ஹைட்ரஜன் சோதனைக்கு முன்னால் எதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்?

உருகுகுளம்

பவுடர் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆக்சிஜனைப் பேசாதீர்கள். அச்சிட்ட துண்டிலேயே, மந்தவாயு உருக்கு முறையில் ஆக்சிஜன், நைட்ரஜன் இரண்டும் அளக்கச் சொல்லுங்கள். கார்பனையும் தனியாக அளக்க வேண்டும். சிர்கோனியம் உள்ளதில் மொத்த ஆக்சிஜன் குறையாது, இடம்தான் மாறும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாமல் உடைப்பு முகத்தையும் பாருங்கள். கற்கண்டு முகங்களுக்கு நடுவே மணியைப் பிளந்துகொண்டு போன நதிக்கோடு முகங்கள் தெரியத் தொடங்கினால் சரியான திசையில் போகிறீர்கள். மணி வடிவம் பார்க்க முராகாமி அரிப்புக் கரைசல்: 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சில விநாடிகள். அமிலம் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பார்ன்_கணக்கு

ஹைட்ரஜனுக்கு முன் ஒரு துண்டை வெற்றிடத்தில் 2400 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். மணி எல்லையில் ஏதாவது உருகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஹைட்ரஜன் கருவியின் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. நாசாவின் மார்ஷல் மையத்திலும் இதே படிநிலைதான்: முதலில் சிறு துண்டுகளை இண்டக்ஷன் சூட்டில் ஹைட்ரஜன் ஓட்டிப் பார்க்கும் சிஃபீட் கருவி, அதில் தேறியது பெரிய என்ட்ரீஸ் கருவிக்கு. அணுக்கரு வெப்பத்தில் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்காவின் ஐடாஹோவில் ட்ரீட் என்ற சோதனை அணு உலை இருக்கிறது, ஆனால் அது யுரேனியம் உள்ள துண்டுகளின் கட்டம்.

சோதனையில் ஒரே நீண்ட ஓட்டத்தைவிடச் சுற்றுகள் முக்கியம். 10 நிமிடம் சூடு, அறை வெப்பத்துக்கு இறக்கம், எடை, மறுபடி. 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எடை பாருங்கள். முதல் சுற்றில் எடை சற்றுக் குறைந்தால் அது மேற்பரப்பு ஆக்சைடு போனது, பயப்பட வேண்டாம். மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் சுற்றுக்குச் சுற்று இறங்கிக்கொண்டே போனால் உள்ளே இருந்து ஏதோ வெளியேறுகிறது. அப்போது துண்டை அறுத்து, துளைச் சுவரிலிருந்து முதல் 100 மைக்ரானைப் பாருங்கள்.